அருள்தாஸ் தூக்கிய கை

அருள்தாஸுக்குப் பத்து விரலும் இருந்தன. இதிலென்ன அதிசயம் என்று கேட்பவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப் பக்கம் எட்டிப் பார்த்திருக்க மாட்டார். தகரத்தை உள்ளே வைத்துவிட்டு, மேலேயிருந்து இரும்பு இறங்குவதற்குள் கையை வெளியே எடுக்க வேண்டும். நாள் முழுக்க இதுதான் வேலை. அதில் பதினோரு வருஷம் தள்ளி, பத்து விரலோடு ஒருவன் வீட்டுக்குப் போகிறான் என்றால் அவனுக்கு ஏதோ ஒரு துணை இருக்கிறது என்று அர்த்தம்.

அருள்தாஸின் துணை ஒரு ஸ்டீல் விசில். ஸ்கூட்டருக்கு மட்கார்டு அடிக்கிற கம்பெனி அது. பெரிய பிரஸ்ஸில் முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் நிற்பார்கள். தகரத்தை வைத்ததும் ரகுநாதன் மேஸ்திரி விசிலை ஊதுவார், குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று. உடனே நான்கு பேரும் இரண்டு கையையும் காதுக்கு மேலே தூக்கிவிட வேண்டும். எட்டுக் கையையும் கண்ணால் எண்ணிப் பார்த்த பிறகுதான் அவர் பட்டனை அமுக்குவார். எந்த ஆபீஸரும் சொல்லிக் கொடுத்த வழக்கம் அல்ல. மேஸ்திரியின் வலது கையில் மூன்று விரல்தான் மிச்சம். மற்ற இரண்டும் துண்டான அதே மாதம் விசிலை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு எட்டு வருஷமாக அந்த பிரஸ்ஸில் ஒருவனுக்கும் நகம்கூடப் பிய்ந்ததில்லை.

ஒரு ஷிப்டுக்கு அந்த விசில் ஐந்நூறு தடவையாவது கேட்கும். அருள்தாஸின் கை அவனைக் கேட்டுக்கொண்டு மேலே போகிற கட்டமெல்லாம் என்றோ தாண்டியிருந்தது. அதே கையால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி கால்பந்து டீமுக்கு கோல் காத்தான். அண்ணனூர் சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு, ஆவடி மைதானத்துக்கு ரயில் ஏறிவிடுவான். அவனுக்கு முன்னால் பேக்கிங் செக்‌ஷன் கலீல் ரகுமான் பேக் ஆடுவான். ஒன்பது வருஷமாக இந்த இரண்டு பேரையும் தாண்டி உள்ளே போன பந்துகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கலீலுக்கு ஊர் பூந்தமல்லி. அது யாருக்கும் ஒரு விஷயமாகவே இருந்ததில்லை, எண்பத்தெட்டாம் வருஷம் மே மாதம் வரைக்கும்.

அந்த வருஷ பைனலில் எதிர் டீம் பூந்தமல்லி. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவர்களில் ஒருவன் தூரத்திலிருந்து ஒரு பந்தை உதைத்தான். உதைத்தான் என்று சொல்வதே அந்தப் பந்துக்கு மரியாதை. சோம்பலாக உருண்டு வந்தது. கலீல் காலை நீட்டப் போனான். “உட்ரா, நான் எட்த்துக்கறேன்!” என்று அருள்தாஸ் கத்தினான். கலீல் நம்பி விலகினான். அருள்தாஸ் குனிந்தான்.

அப்போதுதான் அவன் முதுகுக்குப் பின்னால், கோல் வலைக்கு அந்தப் பக்கமிருந்து, குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று கேட்டது. ஷிப்ட் முடித்து நேராக மைதானத்துக்கு வந்திருந்த மேஸ்திரி, பரபரப்பு தாங்காமல் சட்டைப் பையிலிருந்ததை எடுத்து ஊதிவிட்டார். அருள்தாஸின் இரண்டு கையும் காதுக்கு மேலே போயின. பந்து அவன் காலுக்கு நடுவே புகுந்து வலையில் போய்ப் படுத்துக்கொண்டது.

கூட்டம் எதிர்ப்பக்கம் இருந்தது. இரைச்சலில் அருள்தாஸ் கத்தியது கலீலைத் தவிர ஒருவருக்கும் கேட்கவில்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் இரண்டே காட்சி. சும்மா வந்த பந்தை கலீல் விட்டான். கோல்கீப்பர் வயிறெரிந்து இரண்டு கையையும் தூக்கினான். இதற்கு மேல் ஒருவனுக்கு என்ன சாட்சி வேண்டும்?

மறுநாள் முதல் பட்டரவாக்கம் ஸ்டேஷன் பக்கத்தில் துலுக்கானத்தின் டீக்கடையில் கோர்ட் கூடிவிட்டது. தோற்றது ஏன் என்று பேசுவதில் நம்மவர்களுக்கு உள்ள உற்சாகம், ஜெயித்ததைப் பேசுவதில்கூடக் கிடையாது. முதல் நாள் ரெப்ரியைத் திட்டினார்கள். இரண்டாம் நாள் மைதானத்து மேடுபள்ளம். மூன்றாம் நாள் பழி மெதுவாக நகர்ந்து கலீல் மேல் வந்து உட்கார்ந்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை.

“பூந்தமல்லிக்காரன் பூந்தமல்லிக்கு உட்டான். இதுல இன்னா ஆராய்ச்சி?” என்றான் இக்னேஷியஸ். பிரஸ் ஷாப்பில் அருள்தாஸுக்கு எதிரே நிற்பவன். விளையாட மாட்டான், ஆனால் எல்லோருக்கும் விளையாட்டுச் சொல்லிக் கொடுப்பான்.

“காலு நீட்டினவன் ஏன் இழுத்துக்கணும்? அத்த சொல்லு,” என்றார் மேஸ்திரி. “நம்ம அருளு இன்னா வவுறு எரிஞ்சிருந்தா அப்படி ரெண்டு கையும் தூக்கியிருப்பான்!”

எல்லோரும் அருள்தாஸின் முதுகில் தட்டினார்கள். அவனுக்கு டீ வந்தது. அந்த டீயை அவன் குடித்தான். அதுதான் அவன் செய்த தப்பு. உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் யார் நம்புவார்கள், மேஸ்திரியைக் கை காட்டினால் நாளைக்கு எந்த முகத்தோடு அவர் முன்னால் நிற்பது, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வெட்கம் மூன்று காரணம் எடுத்துக் கொடுத்தது. நாளைக்கு என்பது ஒன்பது நாளாகிவிட்டது. அதற்குள் கலீல் காலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டான். டீக்கடைப் பக்கம் வருவதில்லை. டீமுக்குக் கொடுத்த பனியனைத் துவைத்து மடித்து கம்பெனி கேட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான் என்று செய்தி வந்தது.

அன்று அருள்தாஸுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் மனைவி ஹில்டா தட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், விஷயத்தைப் பிடுங்கிவிட்டாள்.

“வர்ற சனிக்கிழமை சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிடறேன் ஹில்டா.”

“சாமியாரு மன்னிப்பாரு. அவரு இன்னா பேக் ஆடறாரா?” என்றாள் ஹில்டா. “அந்த மனுசன் மொகத்துல நாலு பேரு முன்னாடி கரி பூசிட்டு, நீங்க இருட்டுக் கூண்டுல போயி சொல்லுவீங்களா? நாலு பேரு முன்னாடியே சொல்லுங்க.”

மறுநாள் சாயங்காலம் டீக்கடையில் வழக்கம்போல் கூட்டம். மேஸ்திரி நீங்கலாக பிரஸ் ஷாப் ஆட்களே ஏழு பேர். இக்னேஷியஸ் ஒரு கையில் டீயும் ஒரு கையில் மசால் வடையுமாக ஆரம்பித்தபோது, அருள்தாஸ் எழுந்து நின்றான்.

“கலீலு உடல. நான்தான் உட்ரான்னு கத்தனேன். பந்து என்னோடது.”

“அப்போ கைய ஏன்டா தூக்கின?” என்றார் மேஸ்திரி.

“நீங்க ஊதினீங்க, மேஸ்திரி.”

மேஸ்திரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார். “ஊதினேன், இல்லேங்கல. கிரவுண்டுல நூறு பேரு விசில் அடிச்சான். விசிலு கேட்டா மனுசன் பந்த உட்டுட்டுக் கைய தூக்குவானா? கதை உடாத.”

“இங்க ஊதிப் பாருங்க.”

“ஊதினா இன்னா ஆயிடும்?” என்று மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதினார். குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று.

என்ன வரப்போகிறது என்று ஏழு பேருக்கும் தெரியும். தெரிந்தும் ஏழு பேரின் பதினான்கு கையும் காதுக்கு மேலே போயின. இரண்டு டம்ளர்கள் கூரைத் தகரத்தில் மோதின. இக்னேஷியஸ் தலையில் டீ கொட்டிக் கன்னத்தில் வழிந்தது. வடையை மட்டும் விடாமல் உயரத் தூக்கிப் பிடித்திருந்தான். பிரஸ்ஸையே பார்த்திராத துலுக்கானம் ஒருவன்தான் கையைக் கீழே வைத்துக்கொண்டு வாயைத் திறந்து நின்றான்.

“அடப் பாவிங்களா,” என்றான் துலுக்கானம். “சூடா இருந்துச்சேடா.”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியதும் இக்னேஷியஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்போ மேட்ச்ச தோத்தது மேஸ்திரியால!” என்றான். ஒருவன் தலையிலிருந்து இறக்கிய பழியை அரை நிமிஷம் கீழே வைக்க அவனுக்கு மனசு வரவில்லை.

மேஸ்திரி விசிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவர ஏன்டா இழுக்கற?” என்று அருள்தாஸ் சீறினான். அவன் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. “அந்த விசிலு இல்லேன்னா கோல் காக்க எனக்குக் கை இருந்திருக்குமா? உனக்கு வடை துன்ன கை இருந்திருக்குமா? கை தூக்கினது தப்பு இல்ல. நீங்க எல்லாம் அவன ஏசறப்போ நான் டீ குடிச்சிகினு உக்காந்திருந்தேன் பாரு, அதான் தப்பு.”

மேஸ்திரி எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். “பூந்தமல்லி பஸ்ஸு எத்தினி மணிக்கு?” என்று கேட்டார்.

கலீல் வீட்டில் அவன் அம்மா ஜமீலாதான் கதவைத் திறந்தாள். அருள்தாஸையும் மேஸ்திரியையும் பார்த்ததும் முகம் இறுகியது. ஆனாலும் வாசலில் நிற்க வைக்கவில்லை. கலீல் வந்து உட்கார்ந்தான். அருள்தாஸ் ஒன்று விடாமல் சொன்னான். விசில் கதை வந்த இடத்தில் கலீலின் உதடு கொஞ்சம் துடித்தது. அது சிரிப்பா அழுகையா என்று அருள்தாஸுக்குத் தெரியவில்லை.

“நீ கை தூக்கினத நான் திரும்பிப் பாத்தேன் மச்சான்,” என்றான் கலீல். “என்னைத் திட்டத்தான் தூக்கினேன்னு நெனச்சேன். ஊர் பேசினது கூட ஒறைக்கல. நீயே என்னை சந்தேகப்பட்டேன்னு நெனச்சேன் பாரு. இத்தினி நாளா அதான் தூக்கம் இல்ல.”

அருள்தாஸ் கலீலின் கையைப் பிடித்துக்கொண்டான். ஜமீலா உள்ளே போய் மூன்று டம்ளர் டீயோடு வந்தாள். “இங்க ஊதிடாதீங்க,” என்றாள் மேஸ்திரியிடம். எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிராக்டிசுக்கு கலீல் வந்தான். மேஸ்திரிக்கு ஒரு யோசனை. கோலுக்குப் பின்னால் நின்று ஊதிக்கொண்டே இருக்கிறேன், கை தூக்காமல் பந்தைப் பிடிக்க அருள் பழகட்டும் என்றார். மூன்று தடவை ஊதினார். மூன்று தடவையும் கை மேலே போயிற்று. நாலாவது தடவை இரண்டும் பாதியில் நின்றன, பந்து மார்புக்கு வந்தது. பசங்கள் கைதட்டினார்கள். கலீல் மட்டும் ஓடிவந்து மேஸ்திரியின் வாயிலிருந்து விசிலைப் பிடுங்கினான்.

“போதும் மேஸ்திரி. நாளைக்கு பிரஸ் முன்னாடி நிக்கறப்போ இவன் கை பாதியில நின்னா இன்னா பண்ணுவீங்க?”

மேஸ்திரியின் முகம் வெளுத்துவிட்டது. அருள்தாஸ் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டான்.

அன்றிலிருந்து ஒரு புது வழக்கம் வந்தது. மேட்ச் ஆரம்பிக்கும் முன்பு, கூட்டம் முழுக்கப் பார்க்க, மேஸ்திரி மைதானத்துக்குள் நடந்து போய் விசிலை எடுத்துக் கலீல் கையில் கொடுப்பார். கலீல் அதைத் தன் காலுறைக்குள் செருகிக்கொள்வான். அடுத்த வருஷமும் பூந்தமல்லியோடு ஆட்டம் வந்தது. கோட்டுக்கு வெளியே நின்ற புது ஆள் ஒருவன், “அவன் அந்த ஊர்க்காரனாச்சே, அவன்கிட்ட இன்னாத்த குடுக்கறாரு?” என்று கேட்டான்.

பக்கத்தில் நின்ற இக்னேஷியஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

“எங்க எல்லாரோட வெரலும் அதுலதான் கீது,” என்றான். “ஆட்டத்த பாரு.”