பதினான்காவது கோடு

2014 அக்டோபர் 4, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று பத்து. தூறல். மெத்ரோ ரயில் பாலத்தின் இரும்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாரிஸ் லா சப்பலில் என் மனைவி சட்டை தைக்கும் புடைவைக் கடைக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். வியாழக்கிழமை கரை மடிக்கக் கொடுத்த துணியை எடுக்க, அதைச் செய்தவரே வந்திருந்தார். பெரு நாட்டின் காட்டாற்றங்கரையில் வாழும் ஷிபிபோ-கொனிபோ மக்களில் ஒருவர். கூட வந்த பிரெஞ்சுக்காரி மொழிபெயர்த்தாள். மறுநாள் கண்காட்சியில் துணி தொங்கவேண்டும்.

நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். முதல்நாள் அந்தத் துணியின் கோடுகளை எண்ணியிருந்தேன். சிக்குக்கோலம் போல வளைந்தும் முறிந்தும் ஓடும் கறுப்பு நூல் கோடுகள். மூன்று மூலைகளில் பதினான்கு, நாலாவதில் பதின்மூன்று. மனைவியிடம் காட்டினேன்.

“இஞ்சரும், ஒண்டு குறையுது. போட்டுவிடும்.”

“அவையின்ர வேலைக்கை உங்களுக்கேன் அந்தரம்?”

“கண்காட்சியில சனம் சிரிக்குமப்பா.”

என் நச்சரிப்புத் தாங்காமல் மனைவி தைத்துவிட்டாள்.

இப்போது அந்தப் பெண் துணியை மேசையில் விரித்து, ஒரு கோட்டில் விரலை வைத்து, அது போகும் வழியே தாழ்ந்த குரலில் பாடினார். அவர்களின் மூலிகை வைத்தியர்கள் நோயாளிக்கு இப்படித்தான் பாடுவார்களாம். அந்தப் பாட்டையே தான் தைப்பதாகச் சொன்னார். விரல் நாலாவது மூலைக்கு வந்தது. பாட்டு நின்றது. திரும்பப் போய் மறுபடி வந்தார். மறுபடியும் நின்றது.

நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அவர் துணியைப் புரட்டி, பின்பக்கத் தையலை நெடுநேரம் பார்த்தார். கோபமில்லை, நல்ல கை என்று தலையாட்டினார். சிறுமியாக இருந்தபோது கோலங்கள் தெரியவேண்டுமென்று ஒருவகைக் கோரையின் சாற்றைத் தன் கண்ணில் விட்டதாகச் சொல்லி, என் மனைவிக்கு யார் விட்டது என்று கேட்டார்.

“கோரைக்கிழங்கோ? நாங்கள் அதைக் காய்ச்சலுக்கு அவிச்சுக் குடிக்கிறது. இவருக்குத்தான் கண்ணிலை விடவேணும், எண்ணுறதை விட்டிட்டுப் பாப்பார்.”

மொழிபெயர்ப்பு முடிந்ததும் மூவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பிறகு அவர் ஊசி கேட்டார். நாங்கள் சேர்த்த கோட்டின் முனையிலிருந்து ஒரு சிறு கிளை தைக்கத் தொடங்கி, பாதியில் ஊசியை என் மனைவியிடம் நீட்டினார். அவர் பாட, இவள் தைத்தாள். கிளை போய்ப் பக்கத்துக் கோட்டைத் தொட்டது. விரல் மீண்டும் ஓடியது. பாட்டு நிற்காமல் மூலையைக் கடந்தது. கோடு பதினைந்தாகிவிட்டதே என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி ஒரு பார்வை பார்த்தாள்.

கண்காட்சியில் வேறொன்றைத் தொங்கவிடுவதாகச் சொன்னார். இது இரண்டு பேரின் கை பட்டது, விற்றால் உங்களுக்குத்தான் என்று மனைவியைக் காட்டினார்.

“இதை நான் விடமாட்டன். பேரம் பேசிப்போடாதேங்கோ,” என்றாள் மனைவி.

முருங்கைக்காய்க்கே பேரம் பேசுகிறவன், கேட்ட விலையைக் கொடுத்தேன். துணி நூற்றெண்பது யூரோ, கடையில் எடுத்த கறுப்பு நூல் ஒரு யூரோ இருபது சதம். மொத்தம் நூற்றெண்பத்தொரு யூரோ இருபது சதம்.