அரிதட்டுக்கு ஒரு சுவிச்

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு வரும் பஸ்ஸில், கடைசி வரிசை யன்னலோரம் இருந்தபடி தவராசா எழுநூற்று நாற்பதாவது தடவையாகச் சுவிச்சைத் தட்டுகிறார். கீழே தட்டினால் ஓட்டம், மேலே தூக்கினால் நிறுத்தம். இரும்புக் கடையில் இன்று காலை வாங்கிய தட்டுச் சுவிச் அது. கறுத்த உடம்பு, பித்தளைக் கழுத்து, சுண்டுவிரல் நுனியளவில் ஒரு தண்டு. பக்கத்தில் இருந்தவர் மாங்குளத்தோடு பொறுமை இழந்து முன்னுக்குப் போய்விட்டார். தவராசாவுக்கு அது தெரியாது. பெருவிரல் தன்பாட்டில் தட்ட, உதடு எண்ணிக்கொண்டிருக்கிறது. ஆயிரத்துக்கு முன்னர் தண்டு தளர்ந்தால் அடுத்த பஸ்ஸிலேயே திருப்பிக் கொடுக்கப் போய்விடுவார். இவர் தலை தெரிந்தால் கடைக்காரர் பின்கட்டுக்குள் நுழைந்துவிடுவதாகக் கேள்வி.

நாற்பத்தெட்டு வயது, ஒடிசலான உடம்பு. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா குத்தும் இடத்தில் இவர் திருப்புளி குத்தியிருப்பார். பருத்தித்துறைப் பக்கத்து மனிதர். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து ஸ்கந்தபுரத்துக்கு வந்தவர். ஆனால் அந்தக் காணியில் நெல் விளைவிப்பது மனைவி கமலாசனிதான். இவர் சேற்றில் கால் வைத்ததைவிட ஏணியில் கால் வைத்தது அதிகம். கிளிநொச்சியிலிருந்து அக்கராயன் வரைக்கும் எந்த மில்லில் மோட்டர் படுத்தாலும், எந்தக் கிணற்றடியில் நீரிறைக்கும் மெஷின் மக்கர் பண்ணினாலும் ஆள் அனுப்புவது இவருக்குத்தான்.

சுவிச் பொறுக்குவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் நூலில் கட்டித் தொங்கும் காந்தத் துண்டொன்றைப் பையிலிருந்து எடுத்துச் சுவிச்சின் பித்தளையில் பிடிப்பார். காந்தம் இழுத்தால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. மறுபேச்சில்லாமல் திரும்பக் கடைக்காரரின் கைக்குப் போய்விடும். பிறகு முதுகைக் கழற்றி, உள்ளே இருக்கும் இரண்டு நாக்குகளும் முழுதாகத் தொடுகின்றனவா, முழுதாக விலகுகின்றனவா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். தொடுவதைவிட விலகுவதைத்தான் நெடுநேரம் பார்ப்பார். "ஓடாத சுவிச்சாலை வேலைதான் கெடும். நிக்காத சுவிச்சாலை ஆள் கெடும்" என்று கடையில் நிற்கிற எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவைப்பார். இறக்குமதிக் கட்டுப்பாடு வந்த பிறகு சுவிச் கிடைப்பதே பெரிய காரியமாகியிருக்கும் காலத்தில், கிடைத்ததையும் வேண்டாம் என்று வைத்துவிட்டு வருகிற ஒரே வாடிக்கைக்காரர் இவர்தான்.

கடையில் தேறியது வீட்டில் தேறவேண்டும். சமையற் குசினிக்குப் பின்னால் ஒரு பிஸ்கற் தகரம் இருக்கிறது. அதில் பாதிக்கு உமித்தூசி. சுவிச்சை அதற்குள் புதைத்து, மூடி, தினமும் காலையில் ஒரு தரம் குலுக்கி, மூன்று கிழமை கழித்து வெளியே எடுப்பார். பிறகு மில்லுக்குக் கொண்டுபோய் அங்கே ஓடும் ஜெனரேட்டரில் மூன்று பெரிய பல்புகளை மாட்டி, போட்டும் நூர்த்து அணைத்தும் பார்ப்பார். ஒரு தரம், ஒரேயொரு தரம் பல்ப் நூராமல் மினுங்கிக்கொண்டு நின்றால் அந்தச் சுவிச்சின் கதை முடிந்தது. கமலாசனி இதையெல்லாம் பார்த்து முதலில் சிரித்தார். பிறகு ஏசினார். இப்போது இரண்டும் இல்லை. தகரத்தைக் குலுக்கக் கணவன் மறந்த நாளில் தானே குலுக்கி வைத்துவிடுகிறார்.

இவர் எப்போதும் இப்படி இருந்தவரல்ல. போன வருடம் வரைக்கும் தவராசா சுவிச்சைக் காதால் வாங்கினார். காதோடு வைத்து ஒரு தட்டு; 'டக்' என்று கெட்டியாகக் கேட்டால் போதும். மில்லில் கொண்டுவந்து பொருத்திப் பூட்டிவிட்டு, "என்ரை பொறுப்பு" என்று சொல்லி நெஞ்சில் ஒரு விரலை வைப்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரைத் தேடி வந்தார்கள். அவருக்கும் அந்தப் பெருமை இருந்தது. இருக்காதா என்ன!

செல்வநாயகத்தின் நெல்லு மில்லில் அரிசியையும் குறுநொய்யையும் பிரிக்க ஒரு அரிதட்டு உண்டு. பெரிய எஞ்சினோடு சேராமல் தனி மோட்டரில் ஆடுவது. அந்த மோட்டருக்குச் சுவிச் பூட்டியவர் தவராசா. பூட்டிய வருடத்துச் சரஸ்வதி பூசை முடிவில், வழக்கம்போல மில்லைக் கழுவி, எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். மற்றவற்றுக்கெல்லாம் ஒவ்வொரு பொட்டு. தவராசாவுக்குத் தன் சுவிச்சுக்கு ஒரு பொட்டு போதவில்லை. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை அள்ளி, தண்டின் கழுத்தைச் சுற்றி வழிய வழியப் பூசினார். பார்த்தவர்களுக்கும் அது நல்லதாகத்தான் பட்டது.

மாசிக் கடைசியில் காலபோக நெல் வந்து குவிந்த நேரம். அரிதட்டில் நின்றவள் அன்னபாக்கியம். புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகளின் தாய். பெல்ட்டுக்கும் கப்பிக்கும் நடுவே வைக்கோல் சிக்கி அரிதட்டு நின்றது. அவள் சொல்லிக்கொடுத்தபடியே செய்தாள். சுவிச்சை மேலே தூக்கினாள், அரிதட்டு அசையவில்லை என்று பார்த்தாள், கையை விட்டு வைக்கோலை இழுத்தாள். சுவிச்சின் தண்டு மேலே போயிருந்தது, உள்ளே நாக்கு விலகவில்லை. சிக்குப்பட்ட மோட்டர் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்திருக்கும். பெரிய எஞ்சின் போட்ட சத்தத்தில் அதை யார் கேட்பது? வைக்கோல் விடுபட்டதும் பெல்ட் ஓடியது. வலது கையில் நடு மூன்று விரல்களும் போயின.

அன்று மாலை தவராசா அந்தச் சுவிச்சைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து முதுகைத் திறந்தார். ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில், உமித்தூசி அப்பி, மஞ்சளாக ஒரு கட்டி இறுகிக் கிடந்தது. திருப்புளியால் நெம்பி எடுத்து முகர்ந்து பார்த்தார். ஐந்து மாதம் கழிந்தும் சந்தனம் மணத்தது. நெடுநேரம் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சுவிச்சின் முதுகைத் திரும்ப மூடி, துணியில் சுற்றி, அலுமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினார்.

மில்லில் செல்வநாயகம், பழைய சாமானைப் புதிது என்று விற்ற கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். வந்தவர் போனவரெல்லாம் சேர்ந்து திட்டினார்கள்.  தவராசா ஆமென்று ஒருமுறை தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்குத்தான் இன்றுவரை வவுனியாவுக்கு பஸ் ஏறிக்கொண்டிருக்கிறார். சுவிச்சைச் சோதித்துக்கொண்டிருக்கும் மட்டும் தன்னை யாரும் சோதிக்க மாட்டார்கள் என்று மனிதருக்கு ஒரு நினைப்பு.

அந்த நினைப்பில் இடிந்தது அன்னபாக்கியத்தின் பிழைப்பு. அரிதட்டு ஓடாததால் பெண்கள் சுளகால் புடைத்துக் கொழித்தார்கள். இரண்டு விரலால் சுளகு பிடிக்க முடியாது. அவள் மில் முற்றத்தைக் கூட்டினாள். வேலை இருக்கிற நாளில் வா என்று சொல்லிவிட்டார்கள். அரிதட்டில் நிற்பது ஒன்றுதான் அவளுக்கு முழுநாள் வேலையாகத் தேறக்கூடியது. ஆடி மாதத்தில் ஒருநாள் அவளே ஸ்கந்தபுரத்துக்கு நடந்து வந்தாள். கமலாசனி கொடுத்த தேத்தண்ணியை இடது கையால் வாங்கிக் குடித்துவிட்டு, முதலாளி வேறு ஆளைக் கூப்பிட்டுச் சுவிச் பூட்டப் பார்ப்பதாகச் சொன்னாள்.

"மற்ற ஆக்கள் பூட்டினால் நான் அதிலை நிக்க மாட்டன் அண்ணை. நீங்கள் பார்த்துத் தந்தால் நிப்பன்" என்றாள்.

அவள் ஏசியிருந்தால் தவராசா தாங்கியிருப்பார். அவள் போன பிறகு அவர் மத்தியானச் சோற்றைத் தொடவில்லை.

உண்மையைச் சொன்னால், நல்ல சுவிச் ஒன்று ஆவணியிலேயே தேறிவிட்டது. அவர் வாங்கியவற்றில் பன்னிரண்டாவது. காந்தம் இழுக்கவில்லை, ஆயிரம் தட்டுக்கு அசையவில்லை, உமியில் கிடந்தும் பல்ப் ஒழுங்காக நூர்ந்தது. பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டி அதன் கழுத்துக்கு ஒரு உறைகூடத் தைத்துவிட்டார். ஆனாலும் செல்வநாயகம் கேட்டபோதெல்லாம் "இன்னும் ரெண்டு கிழமை பார்ப்பம்" என்றே சொன்னார். பூட்டினால் பூசை வரும், பூசைக்குச் சந்தனம் வரும், சந்தனத்தைத் தடுத்தால் காரணம் சொல்லவேண்டி வரும். அந்த இடத்தைத் தாண்ட அவருக்குக் கால் வரவில்லை. இந்த பஸ்ஸில் தட்டிக்கொண்டு வருகிறாரே, அது பதின்மூன்றாவது, தேவையே இல்லாதது.

பஸ்ஸால் இறங்கியவரைச் சந்தியில் மறித்த செல்வநாயகம் இந்தமுறை சிரிக்கவில்லை. பூசைக்குள் சுவிச் வராவிட்டால், வயர் இரண்டையும் நேரே முறுக்கி அரிதட்டை ஓடவிடப் போவதாகச் சொன்னார். நிறுத்தவேண்டிய நேரத்தில் பெல்ட்டைத் தடியால் தட்டி விழுத்தலாமாம். அந்த வேலைக்கு அன்னபாக்கியம் சம்மதித்துவிட்டாளாம். "அவளுக்கு வேறை என்ன வழி, சொல்லும் பாப்பம்?" என்று அவர் கேட்டார்.

மறுநாள் காலையில் தவராசா பன்னிரண்டாவது சுவிச்சைப் பூட்டினார். நெஞ்சில் விரல் வைக்கவில்லை.

விஜயதசமியன்று மில் கழுவித் துடைத்திருந்தது. எஞ்சினுக்கு மாலை போட்டாகிவிட்டது. எந்த இயந்திரத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களே அதற்குப் பொட்டு வைப்பது அந்த மில்லின் வழக்கம். அன்னபாக்கியம் இடது கையில் சந்தனக் கிண்ணத்தோடு அரிதட்டுக்கு வந்தாள். கப்பிக்கு வைத்தாள், மரச்சட்டத்துக்கு வைத்தாள், சுவிச்சுக்கு வைக்கக் குனிந்தாள். தவராசா உள்ளங்கையால் சுவிச்சை மூடிக்கொண்டார்.

"இதுக்கு வேண்டாம் பிள்ளை" என்றார்.  கையை எடுக்காமலே மேலும் சொன்னார். "கடைக்காரன்ரை பிழையில்லை. போன பூசைக்கு நான்தான் பழைய சுவிச்சுக்குச் சந்தனம் அப்பினனான். உள்ளுக்கை இறங்கி இறுகிப்போச்சு. உன்ரை விரல் போன அண்டைக்கே கழட்டிப் பாத்திட்டன். எனக்குத் தெரியும்."

அன்னபாக்கியம் நிமிர்ந்தாள்.  கிண்ணத்தை அரிசி மூட்டையின் மேல் வைத்தாள். விரலில் ஒட்டிய சந்தனத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றாள். என்னவாவது சொல்லமாட்டாளா என்று தவராசா அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றார். இப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது, மறைத்து வைத்திருந்த அந்த ஏழு மாதத்தைவிட நீளமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து செல்வநாயகம் சம்பிரதாயத்துக்கு எஞ்சினைத் தொடக்கிவைத்தார். மில் முழுவதும் அதிர்ந்தது. அன்னபாக்கியம் தவராசாவின் கையைச் சுவிச்சிலிருந்து தள்ளிவிட்டு, தண்டைக் கீழே தட்டினாள். அரிதட்டு ஆடத் தொடங்கியது. மூலையில் கிடந்த வைக்கோலில் ஒரு பிடி எடுத்து வந்து, தடியால் பெல்ட்டுக்கும் கப்பிக்கும் நடுவே திணித்தாள். அரிதட்டு நின்றது. இப்போது தண்டை மேலே தூக்கினாள். பெருவிரலைத் தண்டிலேயே வைத்துக்கொண்டு அவருடைய காதுக்குக் கிட்ட வந்தாள்.

"இப்ப நீங்கள் எடுங்கோ அண்ணை."

பெல்ட் அசையாமல் நின்றது. உள்ளே மோட்டர் உறுமுகிறதா இல்லையா என்று எஞ்சின் போட்ட சத்தத்தில் கேட்கவில்லை. தவராசா வலது கைச் சட்டையை முழங்கை மட்டும் மடித்தார். ஒருமுறைகூடச் சுவிச்சின் பக்கம் திரும்பிப் பார்க்காமல், வைக்கோல் சிக்கிய இடத்துக்குள் மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டார்.