முதலாளி வைத்த டைமிங்

போன வாரம் விருதுநகரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு எடுத்த கூரையில்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று மண்டப வாசலில் நின்று முக்கி முனகிக்கொண்டிருந்தது. எரியாத பெட்ரோல் வாடை. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் நன்றாக இழுத்துக்கொண்டேன். என் உத்தியோகமே அந்த வாடையில்தான் தொடங்கியது.

அம்பாசடர் ஓடிய காலத்தில் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன்; மேனேஜர் என்று பெயர். முதலாளி சொல்வதற்குத் தலையாட்டுவதுதான் வேலை. மல்லாங்கிணற்றில் நிலபுலன் உள்ள வீட்டில் மகளைக் கொடுக்க அவருக்கு ஆசை. அங்கே அம்பாசடரில் போய் இறங்கினால் வெறும் வெடிக்காரன் என்று நினைத்துவிடுவார்களாம். அதனால் ஊட்டியில் எந்தத் துரையோ விட்டுப்போன சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவந்தார். அதில் இரண்டே சீட்டு. வீட்டம்மா எங்கே உட்காருவார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வண்டியைச் சரிபார்க்க மெக்கானிக் காதர் பாய் வந்தார். எஞ்சினுக்குள் சரியான நேரத்தில் பொறி விழவேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் தகராறு. அந்தப் பொறியை நேரம் பார்த்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்துத் துளித்துளியாகத் திருப்பி, பாய் அதை ஒழுங்காக வைத்தார். எஞ்சின் தையல் மிஷின் மாதிரி ஓடியது. முதலாளி முகம் சுருங்கிவிட்டது.

“என்ன பாய், சத்தத்தையே காணோம்?”

“டைமிங் சரியா இருந்தா இப்படித்தான் மொதலாளி ஓடும்.”

“சத்தமில்லாத சரக்கு நம்மூருல வெல போகுமா? திரியக் கொஞ்சம் நீட்டி வைங்க.”

திரி நீண்டால் வெடி தாமதம். அவருக்குத் தெரிந்த டைமிங் அது ஒன்றுதான். பாய் தயங்க, முதலாளியே கையை உள்ளே விட்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினார். பொறி பிந்தியது. மிச்சப் பெட்ரோல் புகைக்குழாயில் போய்ப் பற்றி, டமார்! புதுச் சரக்கைச் சோதிக்கும்போது கண்ணை மூடிக் கேட்பாரே, அப்படிக் கேட்டார். பாய் என்னைப் பார்த்தார். “அருமையான சத்தம் மொதலாளி” என்றேன். மாதச் சம்பளக்காரன் வேறென்ன சொல்வான்?

மறுநாள் முதலாளி வண்டியை ஓட்ட, பழத்தட்டும் நானும் பக்கத்து சீட்டில். கம்பெனியில் சாமி கும்பிட்டுவிட்டு மல்லாங்கிணறு போவதாக ஏற்பாடு. கம்பெனி கேட்டை நெருங்கும்போது வண்டி இரண்டு தரம் வெடித்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெடிச்சத்தம் பழகிப்போயிருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். வேலை நேரத்தில் கேட்கிற சத்தம் வேறு. உள்ளே இருந்த பெண்கள் போட்டது போட்டபடி முள்ளுக்காட்டுக்குள் ஓடினார்கள். ஊருக்குள்ளிருந்து ஜனங்கள் கம்பெனியைப் பார்த்து ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவள் காளியம்மாள். அவள் மகள் திரி ரூமில் வேலை பார்த்தாள். வந்த வேகத்தில் முதலாளியின் பட்டுச் சட்டையைப் பிடித்தாள்.

“எம்மவ எங்கன? எந்த ரூமு வெடிச்சிச்சு, சொல்லுங்க மொதலாளி!”

அவர் காரைக் கைகாட்டினார். நான்தான், “வண்டிச் சத்தம்மா, வேற ஒண்ணுமில்ல” என்றேன். அவள் நம்பவில்லை. முள் கீறிய கையோடு மகள் வந்து நின்ற பிறகுதான் சட்டையை விட்டாள். எங்களைக் கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ சூடான பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“வெடிச்சது நீதானா? நல்லாயிரு சாமி.”

அப்புறம் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. முதலாளி சாவியை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போனார். சம்பந்தம் பிறகு அம்பாசடரில் போய்த்தான் முடிந்தது. சிவப்புக் கார் எடைக்குப் போனது.

போன மாதம் எங்கள் பக்கம் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. தெருவில் ஒருவரும் ஓடவில்லை. எந்தக் கம்பெனி என்று குரூப்பில் வரட்டும் என அவரவர் வாசலில் போனைப் பார்த்து நின்றோம். பெயர் வந்தது. நம் வீட்டு ஆட்கள் வேலை பார்க்கிற கம்பெனி இல்லை என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டோம்.