மேடையில் மரவாள்

இன்று ஒரு தளபாடக் கடையில் வார்னிஷ் வாசம் மூக்கில் ஏறியதும், சிட்னியில் நான் படித்த, எப்போதோ இடித்துவிட்ட பள்ளியின் மண்டபம், நடந்தால் முனகும் மேடைப் பலகைகளோடு கண்முன் வந்தது. எழுபதுகளில், கடலுக்கு அப்பால் பிரெஞ்சுத் தீவொன்றிலுள்ள நூமியா நகரின் பள்ளிப் பிள்ளைகள் அங்கே வந்து, எங்களோடு ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து நாடகம் போடுவார்கள். ஒரு முறை ராணி வேடம் நூமியாவிலிருந்து வந்த மிரேய்க்கு. எனக்கு ராணியின் தோழி வேடம். ஒத்திகை முழுவதும் பிரெஞ்சுக்காரரை இகழும் பட்டப்பெயரால் அவளைத் 'தவளை' என்று சீண்டிய எங்கள் வகுப்புக் கெவின், நாடகத்தன்று தன் வேடத்துக்குக் கொடுத்த மரவாளால் அவள் முகத்திலேயே ஓங்கி அடித்தான். மூக்கில் ரத்தம் கொட்ட அவள் அவன் கையைக் கடித்தாள். அவன் மேலும் மேலும் அடித்தான். நடிப்பென்று நினைத்து சபை கைதட்டியது. எனக்கு அந்த இரண்டு மொழிகளும் மறந்துபோயின; தமிழில் கத்தினேன்.

"விடடா அவளை, செத்துப்போவாள்!"

என்னைத் தவிர அங்கே தமிழ் தெரிந்த ஒரே ஆள், சபையில் இருந்த அம்மா. கதிரைகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, மேடையேறி, அவன் கையிலிருந்த வாளைப் பிடுங்கினார்.