நடுகல் எண்களும் நான் போடாத தாழும்

கர்... கர்... என்று சுவருக்குள்ளிருந்து சத்தம் வந்தபோது, ஓர் ஓலையிலிருந்த ‘ஆயிர’த்தைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பழைய கல்வெட்டு, ஓலைப் படங்களைப் பார்த்து எண்களை மட்டும் அடித்துக் கொடுப்பது என் வேலை. பாப்பா தூங்கிய பிறகுதான் நடக்கும். கைக்குழந்தைக்காரிகளே, உங்களுக்குத் தெரியாததா!

சுவர்ச் சத்தம்

ஓசூருக்குக் குடிவந்த புதிது. கணவருக்கு நைட் ஷிஃப்ட். பிரசவத்துக்குப் பிறகு நான் இரண்டு முறை மயங்கி விழுந்திருந்தேன். தாழ் போட்டுவிட்டு விழுந்தால் பாப்பாவை யார் வந்து எடுப்பார்கள்? போடாவிட்டால் யாராவது உள்ளே வந்துவிட்டால்? இரண்டு பயத்துக்கும் நடுவில் கதவைச் சும்மா சாத்தி வைத்திருந்தேன்.

அந்தச் சத்தம், பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் ரத்னம்மா அக்கா செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து கிரைண்டரில் மாவாட்டுவது. மறுநாள் கேட்டதும் சிரித்தார்.

“பயந்துட்டியா? தோசை கொண்டாரேன், சரியாப் போயிடும்.”

பத்துக்குத் தனிக் குறி

பழைய தமிழில் இருபத்து மூன்று என்றால் இரண்டு, பத்து, மூன்று என்று மூன்று குறிகள்: ௨௰௩. கான்வென்டில் படித்த எனக்கு நடுவிலிருந்த பத்து அதிகப்படியாகத் தெரிந்தது. ஒரு வாரம் முழுக்க அதையெல்லாம் நீக்கி, சுத்தமாக ௨௩ என்று அனுப்பினேன். சரிபார்க்கும் செல்வி மேடம் போன் செய்தார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

“கல்லு வெட்டினவருக்குக் கணக்குத் தெரியும்மா. நீ திருத்தாதே, இருக்கிறதைப் போடு.”

கன்னட ஒன்று

அஞ்செட்டிப் பக்கத்து நடுகல் ஒன்றில் கன்னட எண்கள். தேய்ந்த வட்டமொன்றைப் பூஜ்யம் என்று அடித்தேன். அப்போதுதான் ரத்னம்மா அக்கா தோசைத் தட்டோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். எனக்கு உயிர் போய் வந்தது. அவரோ திரையைக் குனிந்து பார்த்தார்.

“சுழி இல்லம்மா இது. கீழ தொறந்திருக்கு பாரு, ஒன்னு. வேலைக்குப் போற கர்நாடகா பஸ்ல நம்பரெல்லாம் கன்னடத்துலதான், தினமும் பாக்கறேனே!”

தலையணை

தோசையைப் பிட்டுக்கொண்டே, “ஏன் தாழ் போடல?” என்றார். சொன்னேன், சொல்லும்போதே அழுதுவிட்டேன். தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார். திரும்பி வந்தபோது கக்கத்தில் ஒரு தலையணை.

“உன் வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட் மாறறவரைக்கும் இங்கயே படுக்கறேன். நீ விழுந்தா முதல்ல பாப்பாவைத் தூக்குவேன். உன்னை அப்புறம்தான்.”

எத்தனையோ ராஜாக்களின் ஆட்சியாண்டுகளைக் கணினியில் ஏற்றிய எனக்கு, ஒரு தாழ்ப்பாளை உள்ளிருந்து போட ஒரு மாதமும் அடுத்த வீட்டுத் தலையணையும் வேண்டியிருந்தது.