கண்ணாடி இழை அறுந்தால்

வகுப்பில் வாயே திறக்காத என் மகள், முன்பின் தெரியாத ஒரு பேராசிரியரிடம் மட்டும் எப்படிப் பேசினாள்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஆராய்ச்சிக் கல்லூரிகளை இணைக்கும் அதிவேக வலைப்பின்னலில் காஞ்சிபுரத்தில் அவள் படிக்கும் பள்ளிக்கும் போன வருடம் ஓர் இணைப்பு கிடைத்தது. முதல் பாடத்துக்குப் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். பிரவுசிங் சென்டரில் ஒரு படம் திறக்கவே காத்துக் கிடந்த எங்களுக்கு, வெளியூர்ப் பேராசிரியர் எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல் திரையில் பேசியது வியப்பாக இருந்தது. தன் குரலும் படமும் முடி போன்ற கண்ணாடி இழை வழியாக வருவதாக அவர் சொன்னார்.

“இழை அறுந்துபோனா யாரு சார் பிணைப்பாங்க?” என்றாள் என் மகள்.

தறி வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பு சிரித்தது. “உங்கப்பாவ அனுப்புடி, சாம்பல் தொட்டு முறுக்கிடுவாரு” என்றாள் பின்வரிசைக்காரி ஒருத்தி. தறியில் அறுந்த பட்டு இழையை நான் பிணைப்பது அப்படித்தான்; எனக்கு உடம்பு கூசியது.

பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. “சரியான கேள்விமா. இத முறுக்க முடியாது, ரெண்டு முனையையும் உருக்கி ஒட்டணும்” என்று, ஒட்டும் கருவியையே எடுத்துக் காட்டினார். அவள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த இணைப்பைக் கொண்டுவந்தவர்களை நினைத்து இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

இப்போது அந்தப் பேராசிரியரின் கல்லூரி, கோடை விடுமுறையில் அங்கேயே தங்கிப் படிக்க அவளை அழைக்கிறது. அவளுக்குப் போக ஆசை. திரையில் பேசியவள், நேரில் புது முகங்களுக்கு நடுவே மறுபடி ஊமையாகிவிடுவாளோ என்று எனக்குப் பயம். கூச்சமுள்ள பிள்ளையை இப்படி அனுப்பிப் பார்த்தவர்கள், அனுப்பலாமா என்று எனக்குச் சொல்லுங்கள்.