சித்தி குறைத்த ஒரு சொல்

என் சித்திக்குத் தெருவில் ‘கத்தரி’ என்று பெயர். தையல்கடை வைத்திருப்பதால்தான் என்று நினைத்தால், நீங்கள் அவளிடம் ஒருமுறைகூட வாய்கொடுத்ததில்லை என்று அர்த்தம். துணி விஷயத்தில் மகா கஞ்சம். ஒரு சாண் துண்டைக்கூட எறியமாட்டாள். “எங்கயாவது பிடிச்சுக் குறைச்சுக்கலாம்டி” என்பாள். அவள் கடையில் பொத்தான் தைக்க உட்கார்ந்த நாளிலிருந்து நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நகருக்குள் குட்டி ரயில் விடப்போகிறார்கள், அது கால்வாய்க் கரையோரம் போகலாம், இல்லாவிட்டால் எங்கள் கடைத்தெருவுக்குள் வரலாம் என்று செய்தி வந்ததும் சித்தி அளவு நாடாவோடு தெருவில் இறங்கிவிட்டாள். தெருவோ ஒடுக்கம். தண்டவாளம் போட்டுவிட்டால் வாடிக்கைக்காரர்கள் வண்டி நிறுத்த இடம் ஏது?

“டர்ருனு வந்து டர்ருனு போயிடும். அதுல போறவன் ஜன்னல் வழியா துணியை வீசிட்டா போவான்? கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்” என்றாள்.

“கால்வாய்ப் பக்கமே போகட்டும்னு சொல்லிப் பாரேன்” என்றார் சித்தப்பா.

சொல்வதா? பேனரே தைத்தாள். மீந்த சிவப்புத் துணியில் எழுத்து வெட்டி, ‘எங்கள் தெருவில் ரயில் திட்டத்தை நிறுத்து’ என்று பரப்பிப் பார்த்தால், அடியில் விரித்த வெள்ளைத் துணி அரை முழம் போதவில்லை. புதுத் துணி வாங்குவாளா? இந்த ஜென்மத்தில் நடக்காது.

“‘திட்டத்தை’ எதுக்குடி? எடுத்துடு. ‘ரயிலை நிறுத்து’ன்னாலே புரியும்.”

எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஓரம் அடித்துக் கொடுத்தேன்.

பாதை பற்றிய கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. மேடையில் ஒரு பெண் பொறியாளர், பேட்டை பேட்டையாகத் திட்டு வாங்கி வந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். தெருக்காரர்களோடு நாங்கள் பேனரை விரித்ததும் எழுந்தார். படித்தார். இறங்கி வந்து சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போன இடமெல்லாம் வேண்டாம்னு விரட்டினாங்க. எங்க தெருவுல ரயிலை நிறுத்துங்கன்னு கேட்டது நீங்க மட்டும்தான். சொல்லுங்க, எந்த இடத்துல நிறுத்தலாம்?”

நான் பேனரைப் பார்த்தேன். ஐயோ. கத்தரியும் குனிந்து பேனரை ஒருமுறை படித்தாள். பின்னால் தெருவே திருதிருவென்று விழித்தது.

பிறகு சித்தியின் கண்ணில் என்னவோ ஓடியது. “நிறுத்துனா... ஆளுங்க இறங்குவாங்கல்ல?”

“இறங்கத்தானே நிறுத்தறது.”

“எங்க கடை வாசல்லயே?”

“அதுக்கென்ன, வைக்கலாம். தெருவுல எல்லாரும் சம்மதிச்சாப் போதும்.”

“அதைத்தானேம்மா இவ்வளவு பெருசா தைச்சுப் பிடிச்சிருக்கோம்” என்றாள் சித்தி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். பக்கத்து மளிகைக்கடைக்காரர் முதலில் கைதட்டினார். அப்புறம் தெருவே தட்டியது.

பாதை எங்கள் தெரு வழியாகவே முடிவானது. முதல் ரயில் வந்த அன்று சித்தி அதே பேனரை வாசலில் கட்டினாள். வண்டி நிற்குமா, போய்விடுமா என்று என் கையைக் கிள்ளிக்கொண்டே நின்றாள். நின்றது. கதவு எங்கள் கடைக்கு நேராகத் திறந்தது. முதலில் இறங்கியது அந்தப் பொறியாளர்தான், கையில் ஒரு பேண்ட்டோடு. சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு அளவு நாடாவை எடுத்தாள்.

“கால் நீளமா இருக்கு. கொஞ்சம் குறைச்சுத் தரணும்” என்றார் பொறியாளர்.

சித்தப்பா உள்ளேயிருந்து தலையை நீட்டினார். “பாத்துக் குறை தாயே. போன தடவை நீ குறைச்சதுல ரயிலே வந்துடுச்சு.”